நிறம் போன தண்ணீர்

செம்பருத்தி இலையை ரொம்ப நேரம் கொதிக்கவிடக் கூடாது, கொழகொழவென்று ஆகிவிடும். பத்து நிமிடம் போதும். அந்தச் சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து, அடியில் படிவதைச் சுட்டெடுத்தால் வெள்ளைப் பொடி கிடைக்கும். அதைச் சாயக் கழிவில் தூவி வெயிலில் வைத்தால் மூன்று மணி நேரத்தில் நிறம் போய்விடும். 1996-ல், அடையாறில் எங்கள் கல்லூரி மொட்டைமாடியில் இதைச் செய்து காட்டியவன் நான், பேராசிரியர் கஸ்தூரிரங்கன்.

தி.நகர் கடைகளுக்குப் புடவைக்குச் சாயம் போடும் ஷரஃபுதீன் கேன் கேனாகச் சிவப்புக் கழிவை அனுப்பினார். பார்க்க வந்தவர்கள் தெளிந்த நீரைக் கண்டு தலையாட்டினார்கள், நம்பவில்லை. ஒருவர், "இதை யாராவது குடிப்பாங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பக்கத்தில் அட்டெண்டர் பொன்னுரங்கம் நின்றிருந்தான். பட்டினப்பாக்கத்துக்காரன்.

"நல்ல தண்ணிதானே சார்? குடிக்கட்டா?"

"நல்ல தண்ணிதான்," என்றேன்.

குடித்தான். கைதட்டினார்கள். பிறகு யார் வந்தாலும் அது வழக்கமாகிவிட்டது.

மறுவாரமே, உடன் வேலை பார்த்த ஜானு என் அறைக்கு வந்தாள்.

"கலர்தான் போயிருக்கு சார். சாயம் பாதி உடைஞ்சு நிக்கறது. அது சாயத்தைவிட மோசம். மீனை விட்டுப் பார்த்தேன், ஒண்ணுகூடப் பிழைக்கலை."

அவள் நீட்டிய தாள்களை டிராயரில் வைத்தேன். தில்லியிலிருந்து நிதி ஒதுக்கும் குழு வரவிருந்த சமயம். அவளை வேறு பிரிவுக்கு மாற்றினேன்.

ஒன்றரை வருடத்தில் பொன்னுரங்கத்துக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. "நம்ம சாயத் தண்ணி மாதிரியே கீது சார்," என்று சிரித்தான். உடம்புச் சூடு, இளநீர் குடி என்றேன். தை மாதம் செத்துப்போனான். "உங்களத்தான் சார் நம்பிக்கினு இருந்தாரு," என்றாள் அவன் மனைவி.

விசாரணைக்கு வந்திருக்கும் உங்களிடம் ஜானு சொன்னதெல்லாம் உண்மை. அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. இரண்டாம் தடவையே பொன்னுரங்கம் தயங்கினான். "இன்னாவோ கசக்குது சார்," என்றான். அன்றிலிருந்து நானும் அவனோடு ஒரு டம்ளர் குடித்தேன். அதைப் பார்த்துத்தான் அவன் தைரியமாகக் குடித்தான். என் டம்ளரில் இருந்தது மயிலாப்பூர் வீட்டில் காய்ச்சி எடுத்துவந்த தண்ணீர்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வகையில் என் ஆராய்ச்சியில் ஒரு குறையும் இல்லை, ஐயா.