மனசுக்குள்ள பத்து எண்ணுங்க

மேடம்: இருங்க, இருங்க. அந்தப் பொண்ணை ஃபெயில் பண்றதை அப்புறம் பாக்கலாம். முதல்ல உக்காருங்க.

வாத்தியார்: உக்காந்து என்ன மேடம் ஆகப் போகுது? அஞ்சு ஸ்டூடன்ட்ஸ் ஸ்டெதஸ்கோப் வச்சுப் பாத்தாங்க. நாலு பேர் கேக்குதுன்னாங்க. இவ மட்டும் "எனக்குக் கேக்கல சார்"ங்கிறா. அதுவும் பேஷன்ட் முன்னாடி...

மேடம்: கேக்கலன்னா கேக்கலன்னுதானே சொல்லணும்?

வாத்தியார்: எப்படிக் கேக்காமப் போகும்? லப்டப்புக்கு நடுவுல உஸ்ஸுன்னு மர்மர் சத்தம், டயர்ல காத்து இறங்குற மாதிரி, அவ்வளவு தெளிவா... வால்வு ஒழுகுது. இது கேக்காதவ எதுக்கு டாக்டராகணும்?

மேடம்: நீங்க ஃபெயில் போட்டா அவளுக்கு ஒரு வருஷம் போயிடும். தெரியும்ல?

வாத்தியார்: போகட்டும். திரும்ப முதல்லேருந்து இந்த வார்டுலயே நிக்கட்டும். சாயங்காலத்துக்குள்ள மார்க் கேக்கறாங்க. போட்டுட்டுக் கிளம்பறேன்.

மேடம்: புது வாத்தியாரே... நான் இன்னைக்கு வந்தது அவளைப் பாக்க இல்ல. உங்களைப் பாக்க. நீங்க நல்ல டாக்டர், யாரு இல்லன்னா? பசங்களுக்குச் சொல்லிக் குடுக்க வருதான்னு பாக்கறதுதான் என் வேலை.

வாத்தியார்: அதான் பாத்தீங்களே. நல்லாத்தானே...

மேடம்: எங்க நல்லா? கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. "என்ன கேக்குது, மர்மர்தானே, எல்லாருக்கும் கேக்குதுல்ல, அடுத்தது வா"ன்னு ஒரே மூச்சுல. பஸ்ல டிக்கெட் குடுக்கறவர்கூட சில்லறைக்கு நிப்பாரு. நாலு பேரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டாம வேற என்ன பண்ணுவாங்க?

வாத்தியார்: நேரம் எங்க மேடம் இருக்கு? வெளிய ஓ.பி.ல கூட்டம்...

மேடம்: கேள்வி கேட்டா வாயை மூடிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையா?

வாத்தியார்: எண்ணினேனே.

மேடம்: என் தலை... சரி, இப்ப நான்தான் அந்தப் பொண்ணு. கேளுங்க.

வாத்தியார்: இங்கயா?

மேடம்: இங்கதான். கேளுங்க.

வாத்தியார்: ம்... என்னம்மா கேக்குது?

மேடம்: ...

வாத்தியார்: மர்மர்தானே?

மேடம்: கடவுளே.

வாத்தியார்: பத்து எண்ணினேன் மேடம். கொஞ்சம் வேகமா எண்ணிட்டேன்.

மேடம்: உங்களோட மாரடிக்க என்னால ஆகாது. சரி, அந்தப் பேஷன்ட் பேரையாவது கேட்டீங்களா?

வாத்தியார்: எதுக்கு? "ஜன்னலோர பெட், மர்மர், பசங்களுக்குக் காட்டு"ன்னு காலைல பெரிய டாக்டரே போன்ல சொன்னாரு. அவர் சொன்னா தப்பா இருக்குமா? ஏன், நீங்களும்தானே கடைசியில ஸ்டெதஸ்கோப் வச்சுப் பாத்தீங்க? தலையாட்டினீங்களே.

மேடம்: அதை விடுங்க. பேச்சை மாத்தாதீங்க.

சிஸ்டர்: உள்ள வரலாமா டாக்டர்? கொஞ்சம் வார்டுக்கு வாங்களேன். ஜன்னலோர பெட்டுல இருந்தவர் ஒரே அழுகை.

வாத்தியார்: யாரு, அந்த மர்மர் கேஸா?

சிஸ்டர்: மர்மர் கேஸ் காலைலயே எக்கோ ஸ்கேன் எடுக்கப் போயிட்டாரு. இன்னும் வரல.

வாத்தியார்: அப்ப... பெட்டுல படுத்திருந்தது?

சிஸ்டர்: அவரோட மச்சான். துணைக்கு வந்தவரு. பெட் காலியா இருக்கவும் கொஞ்சம் சாஞ்சிருக்காரு. கண்ணைத் திறந்தா சுத்திலும் வெள்ளை கோட்டு. சட்டையைக் கழட்டச் சொன்னீங்களாம், கழட்டிட்டாராம்.

மேடம்: அந்த மனுஷனாவது வாயைத் திறந்து சொல்லக் கூடாதா?

சிஸ்டர்: சொல்லத்தான் வந்தாராம். "பேசாதீங்க, சத்தம் கேக்காது"ன்னு டாக்டர் அடக்கிட்டாராம். இப்ப வால்வு ஒழுகுதாம்னு பொண்டாட்டிக்குப் போன் பண்ணி அழறாரு.

வாத்தியார்: ஐயோ.

சிஸ்டர்: ட்யூட்டி டாக்டர் வந்து நல்லாப் பாத்துட்டாங்க. ஒண்ணுமே இல்ல, ஆளு கல்லு மாதிரி இருக்காரு. சொன்னா நம்பணுமே. "அத்தனை பேருக்கும் கேட்டிருக்கே"ங்கிறாரு. அந்தப் பொண்ணு, கேக்கலன்னு சொன்னுச்சே, அதுதான் பக்கத்துல உக்காந்து சமாதானம் சொல்லிட்டிருக்கு. அது பேச்சைத்தான் கொஞ்சம் நம்பறாரு.

மேடம்: நீங்க போங்க சிஸ்டர். இதோ வந்துடறோம்.

வாத்தியார்: மேடம், அது வந்து... சில பேருக்கு நல்ல இதயத்துலயும் லேசா...

மேடம்: டாக்டர். ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு நிஜமாவே கேட்டுச்சா?

வாத்தியார்: அதான் சொன்னேனே... டயர்ல காத்து...

மேடம்: ...

வாத்தியார்: ஏன் இப்படிப் பாக்கறீங்க? எண்ணுறீங்களா?

மேடம்: ...

வாத்தியார்: கேக்கல மேடம். பெரிய டாக்டர் சொல்லிட்டாரே, இருக்கத்தான் செய்யும், நம்ம காதுதான் சரியில்லன்னு நினைச்சேன். பசங்க முன்னாடி எனக்குக் கேக்கலன்னு எப்படிச் சொல்றது?

மேடம்: அவ சொன்னாளே.

வாத்தியார்: சொன்னா. அதான் எனக்கு அவ்வளவு கோவம்... அவளுக்கு ஃபெயில் இல்ல, மேடம். அந்த மச்சான்கிட்டயும் அவகிட்டயும் போய் நானே சொல்லிடறேன்.

மேடம்: சொல்லுங்க. அதுதான் நீங்க நடத்தற முதல் பாடம். வாங்க, போலாம்.

வாத்தியார்: ஒரு நிமிஷம். நீங்களும் வச்சுப் பாத்தீங்களே... உங்களுக்கு என்ன கேட்டுச்சு?

மேடம்: நேரமாச்சு. வாங்க.

வாத்தியார்: ...

மேடம்: பாவம், அந்த மனுஷன் அங்க அழுதுட்டிருக்காரு.

வாத்தியார்: ...

மேடம்: பரவாயில்லையே. இப்பதான் ஒழுங்கா எண்ணுறீங்க.

வாத்தியார்: ...

மேடம்: எனக்கும் கேக்கல. நீங்க தலையாட்டினீங்களேன்னு நானும் ஆட்டி வச்சேன்.