பிச்சக்குட்டி கடை வாசல் கல்

"ஹலோ... ஹலோ... அத்தானா? நான் அன்னக்கிளி பேசுதேன்... நாகர்கோவில்ல இருந்து... ஆமா, ஆமா, பூங்கனிக்க தங்கச்சிதான். வேற எத்தன அன்னக்கிளி இருக்கு உங்களுக்கு?"

பஸ் கம்பெனி ஆபீஸின் சுவரோரம், டெலிபோன் குழலைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றாள் அன்னக்கிளி. செத்துப்போன அக்காளின் புருஷன் வைகுண்டராஜனோடு அவள் பேசிப் பதினான்கு வருஷம் ஆகிறது. அவர் திருவனந்தபுரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்து, வேறு கல்யாணமும் செய்துகொண்டு, அங்கேயே இருந்துவிட்டார்.

"இல்ல, யாரும் சாகல்ல... அப்பாவா? அப்பா போன ஆனியிலேயே போயாச்சு... சொல்லிவிடணும்னு யாருக்கும் தோணல்ல. அத விடுங்க. அத்தான், அக்காளுக்க கல்லைப் பிடுங்கிட்டாவ... சுமைதாங்கிதான், வேற என்ன கல்லு?... ரோட்டை அகலம் கூட்டுதாவ, பஸ்ஸு போகதுக்கு. பிச்சக்குட்டிக்க கள்ளுக்கடை போச்சு. பக்கத்துல தண்ணிப்பந்தல், வாகைமரம், ஒண்ணும் இல்ல. நேத்து அந்த வழியா வந்தவ நான், எந்த இடத்துல நிக்கேன்னே தெரியாம முழிச்சேன்."

பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே போய்விட்டவளுக்காக நடுகிற கல் அது. வழியே போகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்க இறக்க, இறக்காமல் போனவளின் பாரமும் இறங்கும். கல்லைப் பிடுங்கிவிட்டார்கள் என்று தெரிந்ததிலிருந்து அன்னக்கிளிக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பெற்று வளர்த்த மூன்று பிள்ளைகளையும் சுமந்தபோது தெரியாத கனம் ஒன்று அடிவயிற்றில் வந்து குந்திக்கொண்டது.

"கேக்கா?... கல்லு எங்கயும் போகல்ல. கண்ட்ராக்டர் கொட்டடி முற்றத்துல குமிச்சுப் போட்டிருக்கு. ஓடைப் பாலத்துக்கு அடியில போடப் போறாவளாம், இன்னைக்கே வண்டி வந்தாச்சு. மேஸ்திரி நல்ல மனுசன். உனக்க கல்லைக் காட்டு, எடுத்துட்டுப் போன்னு சொல்லுதான். எதைக் காட்ட? மூணு சுமைதாங்கி கிடக்கு அங்க. மூணும் ஒரே நீளம்... பேரா? பேரு எங்க வெட்ட விட்டாரு அப்பா! கள்ளுக்கடை வாசல்ல எங்க வீட்டுப் பொண்ணு பேரு கிடக்காண்டாம்னு உளியைப் பிடுங்கி எறிஞ்சாரே, ஓர்மை இல்லையா?... ஆமா, நானும் பக்கத்துலதான் நின்னேன். நின்னு பாத்தேன்."

பேர் இருந்திருந்தால் இந்த டெலிபோனுக்கு வேலையே இல்லை. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு எரிச்சல் மூண்டது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"அதனாலதான் கேக்கேன். கறுப்புத் துணியை மூடிக்கிட்டு அந்தக் காலத்துல படம் பிடிச்சியளே, அது இருக்கா?... பெட்டியோட இருக்கா? எடுங்க. சீக்கிரம்... நிக்கேன், நிக்கேன்."

மேஜைக்கு அந்தப்பக்கம் இருந்த குமாஸ்தா குமாரதாஸ் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆங், சொல்லுங்க... அது கம்போளத்து முக்கு. ஓலைக்கூரைக் கள்ளுக்கடை, முன்னால செக்கு நிக்கும். ரெண்டும் இப்ப இல்ல, அங்க சைக்கிள் கடை வந்தாச்சு. அடுத்தது?... வடசேரி சாராயக்கடையா? சாயிப்புக்க லாடக்கொட்டில் பக்கத்துல? அந்தக் கொட்டிலு தெரியா?... குதிரை கூடயா! குதிரைவண்டியே இப்ப காணக் கிடைக்கல்ல. சரி, அடுத்தது... அதுவும் கள்ளுக்கடையா? சவத்தத் தள்ளுங்க... இதுவும் கள்ளுக்கடையா?"

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நான் ஒண்ணு கேக்கட்டா, அத்தான்? இத்தன பெரிய ஊருல கோயிலு இல்லையா, குளம் இல்லையா? அக்கா செத்து முப்பது நாளு கழியும் முன்ன, கள்ளுக்கடை கள்ளுக்கடையாக் கிடந்தியளே. ஊரு சிரிச்சது. அங்க கிடந்து படமும் பிடிச்சிருக்கிய. குடிச்ச கடைய எல்லாம் ஞாபகத்துக்கு எடுத்து வச்சியளாக்கும்?... என்னது?... சரியாக் கேக்கல்ல. இன்னொருக்கச் சொல்லுங்க."

குழலில் கரகரப்பு நின்று, அவர் குரல் தெளிவாக வந்தது.

"ம்... ம்... சுமைக்காரனுவ எங்க நிக்கானுவன்னு பாக்கவா?... கோயிலு வாசல்ல நிக்கல்லியா?... ஆமா, கும்பிட்டுக்கிட்டே போயிருவானுவ, சுமையை இறக்கமாட்டானுவ. அது சரிதான்... ம்... எல்லாக் கடை வாசல்லயும் போயி நின்னியளா? அதுக்குத்தானா அந்தப் படம் எல்லாம்?... பிச்சக்குட்டி கடையிலதான் கூட்டம் கூடுதலா?... ம்."

கருவாட்டுக் கூடைகளும் கருப்பட்டிச் சிப்பங்களும் அந்த வாசலில் இறங்குவதை அவளும் பார்த்திருக்கிறாள், மூக்கைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு. அந்த மனிதர் குடித்துக் குடித்து அலைகிறார் என்று வீடு மொத்தமும் முடிவு கட்டிய நாட்களில், அவர் தன் பெண்டாட்டியின் பாரத்தை இறக்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சொல்லவில்லை. இவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்பா நம்பியிருப்பாரா என்று யோசித்தாள். தான் நம்பியிருப்பேனா என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

"இல்ல, லைன் கட்டாகல்ல. இருக்கேன்... நான் ஒண்ணும் அழல்ல, தடுமன். அத்தான், கல்லு நட்ட பெறவு எடுத்த படம் இருக்கா?... ஒண்ணு உண்டா! பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. மேல குறுக்கக் கிடக்க கல்லு எப்படி இருக்கு?... கூடை மறைக்கா? எத்தன கூடை?... நிறைய்ய இருக்கா? இருக்கட்டும், இருக்கட்டும், நல்லது. மறைக்காத இடத்தைப் பாருங்க... ஓரத்துலயா? என்ன பள்ளம்?... கலயம் வைக்கவா? சாயாம இருக்கதுக்கு அவனுவளே கொத்தினானுவளா?... உள்ளங்கை அளவா? வலப்பக்கமா?"

இன்று காலையில் முதலில் கண்ணில் பட்டதே அந்தக் கல்தான். ஓரத்தில் உள்ளங்கையளவு குழி. புளித்த கள்ளு வாடை இன்னும் அதில் இருப்பதாகத் தோன்றி, 'இது எங்களுடையதாக இருக்காது, எவனோ பாழாக்கின கல்' என்று வண்டிக்காரன் சிலுவையிடம் அவளேதான் சொன்னாள். அவனும் அதை வண்டிப்பக்கம் புரட்டிப் போட்டான்.

"அய்யோ, அத்தான்... நான் அதைத்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். அது முதல் வண்டியிலேயே போயிரும்... கோவம் எல்லாம் இல்ல. கொத்தினா கொத்திட்டுப் போறானுவ. சும்மா இறக்கினவன் உடனே தூக்கிருவான். குடிக்க நின்னவன் ரெண்டு கதை பேசிட்டில்லா தூக்கியிருப்பான். அவளுக்கு அம்புட்டு நேரம் பாரம் இல்லாம இருந்திருக்கும், இல்லையா?... ஆமா... ஆமா."

குமாரதாஸ் எழுந்து நின்று கையைக் காட்டினான்.

"இந்தா முடிச்சுட்டேன், தம்பி... உங்ககிட்ட இல்ல அத்தான், இங்க உள்ள ஆளுகிட்ட. சிலுவைக்க வண்டியைப் போயி மறிக்கணும். மறிச்சுருவேன். குறுக்க படுத்தாவது மறிப்பேன்... படத்தை அனுப்புதியளா? படம் எனக்கு எதுக்கு?... கல்லை எங்க நடணும்னா? அது எனக்கு எப்படித் தெரியும்? கள்ளுக்கடை எல்லாம் போச்சு, ரோடு மாறியாச்சு. சுமைக்காரன் இப்ப எங்க நிக்கான், எங்க மூச்சு வாங்குதான்னு பாக்கணும். அதைப் பாக்கதுக்கு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க வரணும்... இப்ப உங்க வீட்டுல இருக்க அந்த அக்காளையும் கூட்டிட்டு வாங்க, எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பேரு வெட்ட கொத்தன்கிட்ட நான் சொல்லி வைக்கேன்... இல்ல, இப்ப ஒண்ணும் சொல்லாதிய. வருவேன், வரமாட்டேன், ரெண்டும் எனக்கு இப்ப கேக்காண்டாம். வண்டி கிளம்பிரும். நான் வைக்கேன்."