பின்சீட்டில் ஈரம்

ஃப்யூஸைக் கையால் பிடுங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அதற்கென்று சின்ன இடுக்கி இருக்கிறது. விரல் அழுக்கு பட்டால் எனக்கு உடம்பு கூசும். வண்டிகளுக்குக் கரண்ட் வேலை பார்க்கிறவன் இப்படி இருக்கலாமா என்று அம்மா கேலி செய்வாள்.

அக்காவின் கார் பழசு. பானெட்டைத் தூக்கினால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் பெட்டி. ஒவ்வொரு ஃப்யூஸின் தலையிலும் இரண்டு பக்கமும் டெஸ்ட் லாம்ப்பின் முள்ளை வைப்பேன். இரண்டிலும் எரிந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போனது. போனதைக் கழற்றி, சிவப்புப் பெயின்டில் பொட்டு வைத்து, டப்பாவில் போடுவேன். நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அக்கா புருஷனைப் பற்றிக் கேட்டீர்கள். அடித்தார், குடித்தார் என்றெல்லாம் இல்லை. இல்லாததைச் சொல்ல மாட்டேன். அத்தானுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அக்கா ஓட்டுவாள், பக்கத்தில் அம்மா, பின்சீட்டு முழுக்க அத்தான். அங்கேயே தின்பார். மென்ற எலும்பைச் சீட்டு இடுக்கில் செருகுவார். கார் சாவியால் காது குடைந்து, அதைச் சீட்டில் தேய்ப்பார். அதே சாவியைத்தான் என்னிடம் நீட்டுவார். "மாப்ள, நம்ம வண்டிதானே, என்ன இப்போ?" என்று சிரிப்பார். பல்லிடுக்கில் போன வேளைச் சாப்பாடு தெரியும். இந்த மனிதரோடு என் அக்கா ஒரே தட்டில் சாப்பிடுகிறாள்.

அதனால் யோசித்துத்தான் செய்தேன். அக்கா சட்டென்று பிரேக் போடுகிறவள். அவள் போகும் சாலையில் லாரிகள் முதுகை ஒட்டியே வரும். பிரேக் லைட் எரியாவிட்டால் ஓட்டுகிறவளுக்குத் தெரியாது. அவள் பிரேக் போட்டது பின்னால் வருகிறவனுக்கும் தெரியாது. அடி பின்சீட்டுக்கு. பிரேக் லைட்டின் நல்ல ஃப்யூஸை எடுத்துவிட்டு, டப்பாவிலிருந்து போனது ஒன்றைப் போட்டேன். அதில் சிவப்புப் பொட்டு இருந்தது. அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். அழித்திருக்கலாம்தான். ஆனால் கெட்டதைக் குறி இல்லாமல் விட எனக்கு மனம் வராது.

பானெட்டை மூடியபோது பின்சீட்டு கண்ணில் பட்டது. அப்படியே விட முடியவில்லை. சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

புறப்படும்போது அத்தான் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். "சீச்சீ, ஒரே ஈரம். நான் முன்னாடி உக்காந்துக்கிறேன்."

"நீங்க உக்காருங்க மாப்ள. நான் ஒரு துண்ட விரிச்சுக்கிறேன்" என்றாள் அம்மா. பின்னால் ஏறினாள்.

நான் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கை முழுக்கச் சோப்பு. இறங்கு என்றால் ஏன் என்று கேட்பார்கள். அம்மா கண்ணாடி வழியாகக் கையசைத்தாள். நான் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவி முடிப்பதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.

அக்காவுக்குக் கழுத்தில் பட்டை போட்டிருக்கிறார்கள். அத்தானுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அம்மாவின் காரியம் முடிந்த அன்று எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார், விரலை நக்கினார்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அந்த ஆள் சீட்டை அவ்வளவு அசிங்கம் பண்ணாமல் இருந்திருந்தால், என் அம்மா இன்று உயிரோடு இருப்பாள்.