காதால் படித்தவர்

வெந்நீர் கொடுத்தீர்கள், நல்லது. குளிர்ந்த தண்ணீர் குடித்தால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். வானொலியில் செய்தி வாசித்த காலத்திலிருந்தே அப்படித்தான். குரலை வைத்துப் பிழைத்தவள் குரலைக் காப்பாற்றத்தானே வேண்டும்.

தலைவரைப் பற்றிக் கேட்கிறீர்கள். உங்களுக்கு அவர் தலைவர். எனக்குக் கொழுந்தனார், என் கணவரின் தம்பி. நான் 'தம்பி' என்பேன், அவர் 'அண்ணி' என்பார். எவ்வளவு பெரிய பதவிக்குப் போன பிறகும் நான் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். பக்கத்தில் இருக்கிற அதிகாரிகளும் என்னவோ ஏதோவென்று எழுந்துகொள்வார்கள்.

ஊர் பேசியது உண்மைதான். அவருக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போனார். பெரிய வீட்டுப் பிள்ளை என்று வாத்தியார்கள் வகுப்பு வகுப்பாகத் தூக்கிவிட்டார்கள். ஆனால் எழுத்து அவர் கண்ணுக்கு ஒரு இடத்தில் நிற்காது. ஒன்றைப் பிடித்தால் பக்கத்தில் இருப்பது நழுவிவிடும் என்பார். சின்ன வயதில் பாடங்களைப் படித்துக் காட்டியது என் கணவர். அவர் இறந்துபோன பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. அதே வருஷம்தான் வானொலியில் என்னை நிறுத்தினார்கள். குரலில் வயது தெரிகிறதாம்.

படிக்கத் தெரியாது என்பது சரி. ஆனால் எதையும் புரிந்துகொள்ளவே மாட்டார் என்று தொலைக்காட்சியில் நாலு பேர் கால்மேல் கால் போட்டுப் பேசினார்களே, அது அபாண்டம். அவர் காதில் ஒரு தடவை விழுந்தால் கல்வெட்டு. ஒரு நாள் அரசு மருத்துவமனைக் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தேன். அறுபது படுக்கை, தொண்ணூறு நோயாளி என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். "நில்லுங்க அண்ணி. அப்ப மிச்சப் பேர் எங்க படுக்கறாங்க?" என்றார். எத்தனையோ அதிகாரிகள் கை மாறி வந்த கோப்பு அது, ஒருத்தருக்கும் அது உறைக்கவில்லை. அப்போதே வண்டியை எடுக்கச் சொல்லிப் போய், தரையில் கிடந்தவர்களைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார். ஒன்றைக் கேட்டுவிட்டால் சும்மா உட்கார மாட்டார். அவரிடம் உள்ள கஷ்டமே அதுதான்.

எங்கள் வேலை முறையைச் சொல்கிறேன். மேடையில் பேச வேண்டியதைக் காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நான் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். கொஞ்ச நேரத்தில் என்னோடு சேர்ந்து சொல்வார், பிறகு தனியாக. ஒரு பக்கம் முடிகிற இடத்தில் நான் லேசாகக் கனைப்பேன். மேடையில் அந்த இடம் வரும்போது அவர் தாளைப் புரட்டுவார். தலைவர் நிறுத்தி நிதானமாகப் படிக்கிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அது என் நிதானம். நாடு முழுக்கக் கேட்ட குரலை வேண்டாம் என்றார்களே, அதே குரல் ஆண்பிள்ளைக் குரலாகி மறுபடியும் நாடு முழுக்கக் கேட்டது. எனக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

காதும் காதும் வைத்தாற்போல நடந்துகொண்டிருந்த காரியம் ஒரு சளியால் கெட்டது. சட்டசபைப் பேச்சு ஒன்றுக்குத் தயார் செய்த வாரம் எனக்குக் கடுமையான இருமல். அவர் என் வார்த்தைகளை மட்டும் மனப்பாடம் செய்யவில்லை, இருமலையும் சேர்த்தே செய்துவிட்டார். சபையில் நான் இருமிய இடத்திலெல்லாம் தாளைப் புரட்டினார். பாதிப் பேச்சில் தாள் தீர்ந்துபோனது. பேச்சு தீரவில்லை. வெறும் மேஜையைக் குனிந்து பார்த்தபடி மீதியைப் படித்து முடித்தார். மாடத்திலிருந்த புகைப்படக்காரர்கள் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? தலைவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பதாகக் கேலிச்சித்திரம் வந்தது. கடைத்தெருவில் முடிதிருத்துபவர் ஒருவர், 'தலைவர் நேரில் வந்து இந்தப் பலகையைப் படித்துக் காட்டினால் ஆயுசுக்கும் இலவசம்' என்று எழுதி மாட்டினார். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா? நான் ஒரு வழி செய்தேன். 'படித்தேன்' என்கிற ஒரே ஒரு சொல்லை, படம் வரைவதுபோல அவருக்கு வரையப் பழக்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கோப்பின் கீழும் தன் கையால் அதை வரைந்து கையெழுத்துப் போடுவார். அவர் என்ன உத்தரவு சொன்னாலும் நான் ஒரு துண்டுத் தாளில் தட்டச்சு செய்து கோப்போடு சேர்ப்பேன். துண்டுத் தாள் இல்லாமல் வெறும் 'படித்தேன்' மட்டும் போனால், பார்த்தாயிற்று, ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அலுவலகத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

அவருக்கு அது போதவில்லை. "ஊர் கேக்கறது நியாயம்தானே அண்ணி. நான் கத்துக்கறேன்" என்றார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சரை அவரே விசாரித்து வரவழைத்தார். நல்ல பெண். பெரிய எழுத்தாக அட்டையில் வெட்டி, ஒவ்வொன்றையும் விரலால் தடவச் சொல்லிக்கொடுத்தாள். நாட்டை ஆள்கிற மனுஷர் மடியில் அட்டையை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருப்பார். சில மாதங்களில் ஒரு நாள் வண்டியில் போகும்போது என் கையைப் பிடித்து உலுக்கினார். "அண்ணி, அங்க பாருங்க, 'சைக்கிள் வாடகைக்கு'! நானே படிச்சேன்!" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன். இவர் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டால் நான் யார்? அந்த வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு மூலையில் கிடக்கிற ஒரு கிழவி. மறுநாள் அவரிடம், டீச்சர் பத்திரிகைக்காரர்களிடம் பேசுகிறாள் என்று சொன்னேன். அவள் பேசவில்லை. "அப்படிப்பட்டவங்களாத் தெரியலையே" என்று ஒரு தடவைதான் சொன்னார். பிறகு, "நீங்க சொன்னாச் சரி" என்று அட்டைகளை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். கற்றுக்கொள்ள இன்னும் ஒரு வருஷம் ஆகும், அதற்குள் தேர்தல் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஊர் வாயை ஒரேயடியாக அடைக்க நான் வேறு ஏற்பாடு செய்தேன். நிதிநிலை அறிக்கை முழுவதையும் அவரே சபையில் நின்று படிப்பது, நேரடி ஒளிபரப்பில். இரண்டு மணி நேர வாசிப்பு, பாதிக்கு மேல் எண்கள். இப்படி ஒரு மனப்பாடத்தை யாரும் செய்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் வேறு எந்தக் கோப்பையும் நான் அவருக்கு வாசிக்கவில்லை. நிரம்பிய குடம் அவர். மேலே ஒரு சொட்டு விட்டால் ஒரு சொட்டு வழிந்துவிடும்.

அப்போதுதான் பொறியாளர் வந்தார். நீங்கள் கேட்க வந்தது இதைத்தான், தெரியும். கட்டடப் பராமரிப்புத் துறையில் இருப்பவர், வேர்க்க விறுவிறுக்க வாசலில் நின்றார். "மருத்துவமனை மொட்டை மாடித் தண்ணித் தொட்டிம்மா. தூண்ல விரிசல், விரல் போகுது. நேரா கீழதான் பிரசவ வார்டு. இன்னைக்கே காலி பண்ணணும். ஐயாகிட்ட நேர்ல சொல்லணும்" என்றார். உள்ளே தம்பி சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பது வாசல் வரை கேட்டது. "உள்ளதானே இருக்காரு. வாயால சொன்னா ஒரு நிமிஷம்மா" என்றார். கோப்பைக் கொடுத்துவிட்டுப் போங்கள், ஐயா படித்துவிட்டுச் சொல்வார் என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

அந்தக் கோப்பை நான் முழுவதும் படித்தேன். தெளிவாக எழுதியிருந்தார், படமும் வைத்திருந்தார். எனக்கு விளங்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். வாசித்துக் காட்டியிருந்தால் தம்பி அந்த நிமிஷமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். தாய்மார்களை அவரே பிடித்துக் கீழே இறக்கியிருப்பார். ராத்திரி அங்கேயே இருந்திருப்பார். எண்கள் எல்லாம் தலையிலிருந்து கலைந்திருக்கும். அதனால்தான் வாசிக்கவில்லை.

கோப்பை வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது. தேங்கினால், படிக்கத் தெரியாதவரிடம் போனால் அப்படித்தான் என்பார்கள். அன்றைக்குக் கையெழுத்துக்கு இருந்த மற்றவற்றோடு சேர்த்து நீட்டினேன். வாயில் வருவாய்ப் பற்றாக்குறையை முணுமுணுத்துக்கொண்டே 'படித்தேன்' என்று வரைந்தார். நான் துண்டுத் தாள் வைக்கவில்லை. அறிக்கை முடிந்த மறுநாள் ஞாபகப்படுத்திக்கொள்ளலாம் என்றிருந்தேன். இத்தனை வருஷம் நின்ற தொட்டி, நாலு நாள் நிற்காதா?

சபையில் அவர் படித்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு எண் பிசகவில்லை, ஒரு தாள் முந்தவில்லை. எதிர்க்கட்சிக்காரர்களே மேஜையைத் தட்டினார்கள். என் வாழ்நாளில் நான் வாசித்ததிலேயே சிறந்த வாசிப்பு அது. தொட்டி மறுநாள் காலையில் விழுந்தது. பதினேழு பேர். அதில் ஒன்பது, பெயர்கூட வைக்காத குழந்தைகள்.

வானொலியில் இருந்தபோது படகு விபத்துச் செய்தியைக் குரல் நடுங்காமல் வாசித்ததற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார்கள். அன்றைக்கும் நான்தான் செய்தியை அவருக்குச் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

கோப்பு வெளியே வந்தது. கீழே அவர் கையால் 'படித்தேன்'. விசாரணைக்கு அழைப்பு வந்த அன்று, மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். தட்டைத் தொடவில்லை.

"அண்ணி, அந்த ஃபைலை எனக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாது என்பது வெளியே வந்தால், சபையில் கிடைத்த அந்த மரியாதை என்ன ஆவது? அத்தனை உழைப்பும் விழலுக்கு இறைத்த நீராகிவிடும்.

"படிச்சேனே தம்பி. அன்னிக்கு உங்களுக்கு ரொம்ப அசதி. அறிக்கை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க" என்றேன்.

வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். எதையும் மறக்காதவர், தன் தலைக்குள் அப்படி ஒரு நாளைத் தேடுகிறார் என்பது தெரிந்தது. கிடைக்கவில்லை. என்னைச் சந்தேகிப்பதற்குப் பதிலாகத் தன்னைச் சந்தேகித்துக்கொண்டார்.

"அப்படியா சொன்னேன்" என்றார். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "நீங்க படிச்சுக் காட்டினதாச் சொன்னா உங்களையும் கோர்ட்டுக்கு இழுப்பாங்க அண்ணி. நானே படிச்சேன்னு சொல்லிடறேன்" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நீதிபதி முன்னால் நின்று, படித்தேன், புரிந்தது, தள்ளிப்போட்டேன் என்று மூன்றையும் சொன்னார். செத்துப்போன ஒரு பெண்ணின் அம்மா கூடத்தில் எழுந்து மண்ணை வாரித் தூற்றுவதுபோல வெறும் கையை வீசினாள். அதையும் நின்று வாங்கிக்கொண்டார். வழக்கு நடந்து தண்டனையும் ஆனது. ஒன்று கவனித்தீர்களா? அதற்குப் பிறகு அவருக்குப் படிக்கத் தெரியாது, புரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. படித்தும் கொன்றவர் என்றுதான் சொல்கிறார்கள். முடிதிருத்துபவர் பலகையைக் கழற்றிவிட்டார். அந்தப் பழியை அவர் மேலிருந்து துடைத்ததில் எனக்கு ஒரு பங்கு உண்டு.

அனுமதி கிடைக்கிற நாட்களில் சிறைக்குப் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டுகிறேன். அவருக்கு வலிக்கிற செய்திகளை விட்டுவிடுவேன். ஆனால் கடைசியில் ஒவ்வொரு தடவையும் ஒன்று கேட்பார், இறந்தவர்கள் பட்டியல். அதைச் சொல்லிச் சொல்லி இப்போது அவரே கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். பெயர் இல்லாத குழந்தைகள் வரும்போது 'இன்னாரின் பிள்ளை, இன்னாரின் பிள்ளை' என்று நான் சொன்ன அதே நிதானத்தில் சொல்கிறார். என் குரல்தான் கேட்கிறது. அது மட்டும் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தும் காதை விட்டுப் போக மாட்டேனென்கிறது.

இதையெல்லாம் ஏன் முன்பே சொல்லவில்லை என்கிறீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். இப்போது பொறியாளர் என் முகத்தை ஞாபகம் வைத்துச் சொன்னதால் வந்திருக்கிறீர்கள். கோப்பை மறைத்தது நான். தெரிந்தேதான் மறைத்தேன். தம்பிக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இதன் நகல் ஒன்று அவருக்குப் போகும் என்கிறீர்கள். போகட்டும். நீங்களே உட்கார்ந்து படித்துக் காட்டினாலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்வார், மரியாதை தெரிந்தவர். ஒரு வார்த்தை நம்ப மாட்டார். என்னை எந்தச் சிறையில் போட்டாலும், அண்ணியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மனுப் போடுவார். இந்த நகலைக் கம்பி வழியாக என்னிடம் நீட்டி, இதில் என்னதான் எழுதியிருக்கிறது, படியுங்கள் என்று கண்ணை மூடிக்கொள்வார். படிப்பேன். அவர் மனசு நோகாதபடி படிப்பேன்.