பன்னிரண்டு பேருக்கு ஒரு புத்தகம்

— இஞ்சை பார் றோசமலர், ஒரு சொல்லுத்தான் கேக்கிறன். நீ வேலை செய்யிற வீட்டுச் சிஞ்ஞோராவின்ரை தம்பியைப் பராமரிக்கிற வேலை கிடைச்சாத்தான் எனக்கு இத்தாலியிலை இருக்கிற அனுமதி, பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கலாம். இந்த அல்பேட் நல்லவன் எண்டு நீ சொன்னாப் போதும்.

— நாலு வருசத்துக்கு முன்னம் நான் வேலை செய்த ஒரேத்தோ தெரு வீட்டிலை நீங்களும் ஒரு சொல்லுத்தான் சொன்னியள், அண்ணை. காணாமல்போன மோதிரத்தை றோசமலர்தான் எடுத்தவ எண்டு.

— என்ரை மச்சாளுக்கு உன்ரை வேலையை எடுத்துக் குடுக்கத்தான் அப்பிடிச் சொன்னனான். பிழைதான்.

— வேலை போச்சு. பெர்மெஸ்ஸோவும் போச்சு. மன்னாரிலை அம்மா செத்தநேரம் போகேலாமல் சியாகுல்லித் தோட்டத்திலை மன்டரின் தோடம்பழம் புடுங்கிக்கொண்டு நிண்டனான். அம்மாவின்ரை முகத்தைப் போனிலைதான் பாத்தனான். எனக்குக் கோபம் ஆறேல்லை. ஆற விடவும் மாட்டன்.

— கோயில்லை சனத்துக்கு முன்னாலை மன்னிப்புக் கேட்டனான், பிள்ளை. நாப்பது நாள் சாப்பாட்டைக் குறைச்சு ஒருசந்தி இருந்தனான்.

— வேலை வேண்டிவந்த பிறகு.

— யூதச் சிஞ்ஞோராவோடை இருந்து நீயும் தீர்க்கதரிசி மாதிரிக் கதைக்கிறாய்.

— தீர்க்கதரிசி எண்டா நடக்கப்போறதைச் சொல்லுறவர் எண்டு நாங்கள் நினைக்கிறம். யூதருக்கு அது பெரிசில்லை. ஆண்டவர் சொல்லச் சொன்னதை முகத்துக்கு நேரை சொல்லவேணும், அவ்வளவுதான். எங்கடை பைபிளிலை தீர்க்கதரிசியா இருக்கிற தானியேலைக்கூட அவை அந்தக் கூட்டத்திலை சேர்க்கேல்லை, வேறை பகுதியிலை வைச்சிருக்கினம்.

— அப்ப யோனா தீர்க்கதரிசி?

— யோனா அந்தக் கூட்டம்தான்.

— அப்ப கேள். நினிவே நகரம் அழியுமெண்டு யோனா சொன்ன உடனை அந்தச் சனம் சாக்கு உடுத்து ஒருசந்தி இருந்தது. ஆண்டவர் மன்னிச்சவர். ஏன் மன்னிச்சீர் எண்டு கோவிச்சுக்கொண்டு வெயிலுக்கை குந்தினது யோனா மட்டும்தான். ஆண்டவரே விட்டதை நீ விடமாட்டியோ?

— சிஞ்ஞோராவும் வருசா வருசம் பாவப்பரிகார நாளிலை பின்னேரம் அதை வாசிக்கிறவ. வாசிச்சு அழுவா.

— இஞ்சை பார், அவவுக்கே விளங்குது.

— ஆனா அண்ணை, அவை யோனாவைத் தனிப் புத்தகமா எண்ணுறேல்லை. சின்னத் தீர்க்கதரிசியள் பன்னிரண்டு பேரும் அவைக்கு ஒரே புத்தகம். யோனா முடிஞ்ச உடனை மூடி வைக்கேலாது. அடுத்தது மீக்கா. அதுக்கடுத்தது நாகூம்.

— நாகூமிலை என்ன இருக்கு?

— அதே நினிவேதான். அங்கை அது அழியுது. உங்களைப்பற்றி, அந்த மோதிரக் கதையோடை, சிஞ்ஞோராவுக்கு உள்ளதைக் காலமையே சொல்லிப்போட்டன்.