மேசைமேல் இரண்டு மைக்

டீ நன்றாக இருந்தது, சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். எழுதுகிற காவலருக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நான் எலக்ட்ரீஷியன். சபையில் பதினான்கு வருடமாக மைக், ஃபேன், லைட் எல்லாம் என் பொறுப்பு. மேடைக்குப் பின்னால் ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. நீல டைல்ஸ், ஐந்து படி, இடுப்பளவு தண்ணீர். முழுக்கு எடுப்பவர்கள் முதலில் தண்ணீரில் நின்று மைக்கில் சாட்சி சொல்வார்கள். பிறகு பாஸ்டர் இறங்கி முழுக்கி எடுப்பார். தண்ணீரில் நிற்பவர் கையில் வயர் மைக்கைக் கொடுப்பது எத்தனை மடத்தனம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் சபையில் அது யாருக்கும் உறைக்கவில்லை. நான்தான் சண்டை போட்டு பேட்டரி மைக் வாங்க வைத்தேன். ஒவ்வொரு முறையும் புது பேட்டரி போட்டு, துணியால் துடைத்து, நானே அவர்கள் கையில் கொடுப்பேன். பதினான்கு வருடத்தில் ஒருவருக்கும் சுருக்கென்றுகூட ஷாக் அடித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஒன்பது வயது. பென்சில் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போனாள். குடித்திருந்த லாரி டிரைவர் ஒருவன் நடைபாதையில் வண்டியை ஏற்றிவிட்டான். பென்சிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் வீட்டில் இருக்கிறது, சீவாமல்.

அடக்கத்துக்கு மறுநாள் பாஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஆண்டவருக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும் என்கிறீர்களே, பார்த்துக்கொண்டுதானே இருந்தார், ஏன் தடுக்கவில்லை என்று. அவர் கெட்ட மனுஷர் இல்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"கையப் புடிச்சுத் தடுத்துக்கிட்டே இருந்தா மனுஷன் பொம்மையாயிடுவான் பிரதர். குடிக்கிறதும் குடிக்காததும் அவன் இஷ்டம்னு விட்டிருக்கார். ஆனா அவர் அனுமதிச்சதுல ஒரு நோக்கம் இருக்கும். நமக்கு இப்பப் புரியாது."

நான் தலையாட்டினேன். என் மனைவி தலையாட்டவில்லை. அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு வருடம் கழித்து அந்த நோக்கம் என்னவென்று தெரிந்தது. பாஸ்டர் மாதாமாதம் ஜெயிலுக்குப் போய் அந்த டிரைவருக்காக ஜெபித்திருக்கிறார். அவன் வெளியே வந்ததும் எங்கள் தொட்டியிலேயே ஞானஸ்நானம். தேம்பித் தேம்பி அழுதுகொண்டே சாட்சி சொன்னான். சபை முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. பாஸ்டர் என் பக்கம் கையைக் காட்டி, அந்தக் குழந்தை போகாமல் இருந்திருந்தால் இந்த ஆத்துமா வந்திருக்குமா என்று கேட்டார். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் பிடித்திருந்த மைக்கை நான்தான் துடைத்துக் கொடுத்திருந்தேன், புது பேட்டரி போட்டு.

அவனை ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று கேட்கிறீர்கள். அவன்மேல் எனக்கென்ன கோபம்? குடித்துப் புத்தி மழுங்கிய பயல். என் வழக்கு, பார்த்துக்கொண்டு இருந்தவரோடு. அவர் என் கைக்கு எட்டவில்லை. அவருக்காகப் பேசுகிறவர் அடுத்த தெருவில்தான் இருந்தார். அவருக்கு ஒரே மகள்.

அந்தப் பெண்ணைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பத்தொன்பது வயது, நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறு வகுப்பில் என் மகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள். அடக்கத்தன்று என் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கால் மரத்துப்போனாலும் எழுந்திருக்காமல் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். பிடிக்காத பிள்ளையாக இருந்தால் இதில் அர்த்தமே இல்லை.

அவள் முழுக்கு எடுப்பதற்குப் பதினெட்டு நாள் முன்னால் தொட்டிப் பக்கம் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரில் கோளாறு வந்தது. நான் கை வைக்கவில்லை, எலி வைத்த வேலை. வயர் மைக்கின் தலையில் டெஸ்டரை வைத்தால் விளக்கு பளிச்சென்று எரிந்தது. சரிசெய்ய அரை மணி நேரம் போதும். நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொருவர் சும்மா இருந்ததற்கு நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லிப் பழகியிருக்கிறோம்.

ஆண்டவருக்குப் பதினெட்டு நாள் முழுசாக அவகாசம் கொடுத்தேன். என் மகள் விஷயத்தில் எனக்கு ஒரு நொடிகூடக் கிடைக்கவில்லை. அவர் நினைத்திருந்தால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்திருக்கலாம். தொட்டிக்குத் தண்ணீர் விடும் குழாய் உடைந்திருக்கலாம். எங்கள் தெருவில் வாரத்தில் மூன்று முறையாவது கரண்ட் போகும். அன்றைக்குப் போயிருந்தால் முடிந்தது கதை. காலையிலிருந்து தலைக்கு மேல் ஓடிய ஃபேனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது நிற்கவே இல்லை.

படிக்கு மேலே ஒரு சின்ன மேசை உண்டு. அதில் இரண்டு மைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அன்றைக்கு மட்டும் நான் கையில் கொடுக்கவில்லை. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு அவள் வந்தாள். பாஸ்டர் ஓரமாக நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத எடுக்கட்டும் அங்கிள்?" என்றாள்.

"உன் இஷ்டம்மா" என்றேன்.

வயர் மைக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் தண்ணீர் சில்லிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எங்க அப்பா" என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை.

பாஸ்டர் குதிக்கப் போனார். நான் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். என்னைவிடப் பலசாலி, ஆனாலும் விடவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது. நோக்கத்தைக் கண்டுபிடித்துச் சபைக்குச் சொல்ல வேண்டியவர் அவர்தானே. மெயின் ஸ்விட்ச் என் தலைக்கு மேலேதான் இருந்தது. பாட்டுக் குழுவிலிருந்து ஒரு அம்மா ஓடி வந்து அணைத்தபோதுதான் ஃபேன் நின்றது. அவள் அதற்கு முன்பே நின்றுவிட்டாள்.

நேற்று பாஸ்டர் என்னைப் பார்க்க வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்காக ஜெபிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் பிரதர் தடுக்கல?" என்றார்.

அவர் அன்றைக்குச் சொன்ன மாதிரியே நானும் பொறுமையாகச் சொன்னேன்.

"தடுத்தா பொம்மையாயிடுவாங்க பாஸ்டர். ஒரு நோக்கம் இருக்கும். இப்பப் புரியாது."

தோளில் கை வைத்துச் சொல்லத்தான் ஆசை. கம்பிக்கு நடுவில் கை நுழையவில்லை. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். என் மகள் போன பிறகு நேற்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

ஆகவே நான் கொன்றேன் என்று எழுத வேண்டாம். அனுமதித்தேன் என்று எழுதுங்கள். எது நல்லது, எது கெட்டது, இரண்டையும் அவள் முன்னால் வைத்தேன். அவளாகத்தான் எடுத்தாள்.

அந்தப் பிளாஸ்டிக் உறையை இவ்வளவு நேரம் ஏன் கையிலேயே வைத்திருந்தீர்கள்? காட்டியிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பேன். ஆமாம், என் சட்டைப் பையில் இருந்தவைதான். இரண்டு பேட்டரி. அன்றைக்குக் காலையில் பேட்டரி மைக்கிலிருந்து நான்தான் கழற்றி வைத்தேன்.

அவள் முதலில் பேட்டரி மைக்கைத்தான் எடுத்தாள். நான் பழக்கி வைத்த பழக்கம். இரண்டு தரம் பொத்தானை அழுத்திப் பார்த்தாள். விளக்கு எரியவில்லை. என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு மேசையில் திரும்ப வைத்தாள். அப்புறம்தான் எதை எடுக்கட்டும் என்று கேட்டாள். அப்போதும்கூட நான் உன் இஷ்டம் என்றுதானே சொன்னேன்.