துணி கிழியும் சத்தம்

— இன்னிக்கும் கண்ணை மூடிட்டுதானேம்மா உக்காந்திருந்தே? பெரிய திரையில உன் மூஞ்சியத்தான் காட்டறான். அத்தனை பேரும் சிரிக்கறாங்க.

— சிரிச்சிட்டுப் போகட்டும். பத்து மீட்டர் உயரத்துலேருந்து பெத்த பொண்ணு தலைகீழா வர்றதை எவ பார்ப்பா? ஏழு வயசுல மொட்டைமாடித் தொட்டிக்குள்ள குதிச்சியே, அன்னிக்கு மூடின கண்ணு. தலையைத் துவட்டு முதல்ல.

— மூணு தடவை சாம்பியன். பெத்தவ ஒரு டைவ் கூடப் பார்த்ததில்லைன்னு வெளிய சொன்னா மானம் போகுது.

— காது இருக்குல்ல. நீ ஒழுங்கா தண்ணிக்குள்ள இறங்கினா துணி கிழியற மாதிரி டர்ருன்னு ஒரு சத்தம். மார்க் போடறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சிடும்.

— அப்போ உன்னையே நடுவரா உக்கார வெச்சிருக்கலாம்.

— வெச்சிருந்தா இன்னிக்குக் கம்மியாத்தான் போட்டிருப்பேன். கடைசி ரெண்டும் தொப்புத் தொப்புன்னு விழுந்துச்சு.

— தோள்பட்டை வலிம்மா. கோச்சுக்கும் தெரியும். அதான் தேர்வாயிட்டேனே, அடுத்த மாசம் உலகப் போட்டி. இன்னும் ஏன் என்னைப் போட்டுக் குடையறே?

— நீ குதிக்கற குளத்து மேல தண்ணி பீச்சறாங்களே, அது எதுக்கு?

— ஐயோ, நூறு தடவை சொல்லியாச்சு. தண்ணி அசையாம கிடந்தா, சுத்திக்கிட்டு வரும்போது எங்க தண்ணி ஆரம்பிக்குதுன்னு தெரியாது. பீச்சினா சலசலப்பு தெரியும். போதுமா?

— மத்த பொண்ணுங்க ஒண்ணும் கேக்கல. நீ மட்டும் மேலேருந்து "இன்னும் பீச்சுங்க, இன்னும் பீச்சுங்க"ன்னு கத்தினே.

— அந்தாளு சரியாப் பீச்சல. சும்மா இரும்மா, கிளம்பலாம்.

— ஏணியில ஏறும்போது ஒவ்வொரு படியையும் காலால தடவினே. ஈரக்கால் தேய்க்கற சத்தம் இதுக்கு முன்னாடி கேட்டதில்ல. காலையில டம்ளரை மேஜைக்கு வெளிய வெச்சு உடைச்சே.

— தூக்கக் கலக்கம்மா அது.

— போன வாரமும் தூக்கக் கலக்கம்தான்.

— இவ்வளவு கவனிக்கறே, என் டைவை மட்டும் பார்க்க மாட்டே. சலிச்சுப் போச்சும்மா எனக்கு. கடைசியாக் கேக்கறேன். உலகப் போட்டியிலயாவது கண்ணைத் திறப்பியா, மாட்டியா?

— என் கண்ணு கிடக்கட்டும். உனக்கு எந்தக் கண்ணுடி தெரியல?